ஸ்லவ்விலிருந்து ஸ்க்ரான்டன் வரை: அமெரிக்கா மாற்றி எடுத்த பிரிட்டிஷ் தொடர்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடர்களில் பலவற்றுக்குத் தாய்வீடு பிரிட்டன். 'ஆல் இன் த ஃபேமிலி', 'சான்ஃபோர்ட் அண்ட் சன்', 'த்ரீஸ் கம்பெனி', 'தி ஆபீஸ்' என்ற நான்கின் மூலங்களுமே முதலில் பிரிட்டனில் ஒளிபரப்பாகி வெற்றி பெற்ற தொடர்கள். அவற்றின் உரிமையை விலைக்கு வாங்கிய அமெரிக்கத் தயாரிப்பாளர்கள், தங்கள் நடிகர்களை வைத்து, தங்கள் ஊர்களில் கதை நடப்பதாக மாற்றி எடுத்தார்கள். 1970-களில் சூடுபிடித்த இந்த ரீமேக் வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. வென்றவை சில, தோற்றவை பல.

இரு நாட்டிலும் பேசுவது ஆங்கிலம்தானே, மூலத்தையே ஒளிபரப்பினால் என்ன என்று தோன்றலாம். பொது ஒளிபரப்பான பி.பி.எஸ். அதைத்தான் செய்துவந்தது, ஆனால் அதைப் பார்த்தவர்கள் ஒரு சிறு வட்டத்தினரே. சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. போன்ற பெரிய வணிக சேனல்களுக்குத் தேவைப்பட்டது வேறு. பிரிட்டனில் ஒரு நகைச்சுவைத் தொடர் என்றால் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து எழுதுவது. ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு எபிசோடுகள். எழுதியவருக்குச் சரக்கு தீர்ந்தால் தொடரும் முடிந்துவிடும். அமெரிக்க சேனலுக்கு ஆண்டுக்கு 22 முதல் 24 எபிசோடுகள் வேண்டும். அவற்றை எழுத ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள் உட்கார்வார்கள். சுமார் நூறு எபிசோடுகள் சேர்ந்தால்தான் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை விற்க முடியும். உண்மையான லாபம் அதில்தான் இருந்தது. பி.பி.சி.யின் அரை மணி நேரத்தில் விளம்பரம் கிடையாது. அமெரிக்காவில் அதே அரை மணியில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 நிமிடம். எனவே கதை கைமாறும்போது அதன் நீளம், வேகம், முடிவு எல்லாமே மாற வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் முதலில் நின்று பேச வேண்டிய தொடர் 'ஆல் இன் த ஃபேமிலி'. அதன் மூலம் ஜானி ஸ்பெய்ட் எழுதி 1966-இல் பி.பி.சி.யில் தொடராகத் தொடங்கிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. கிழக்கு லண்டனில் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங் பகுதியில் வாழும் ஆல்ஃப் கார்னெட் என்ற தொழிலாளிதான் நாயகன். அரசியையும் கன்சர்வேட்டிவ் கட்சியையும் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியையும் கொண்டாடுவான். கறுப்பினத்தவரையும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசுவான். வீட்டோடு இருக்கும் லிவர்பூல்காரரான சோஷலிச மருமகனோடு நாள்தோறும் சண்டை. மாமனும் மருமகனும் மாறி மாறிக் கத்துவதுதான் தொடரின் உயிர்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்ட அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் லியர், ஆல்ஃபிடம் தன் தந்தையின் சாயலைக் கண்டார். உரிமையை வாங்கி ஏ.பி.சி.க்காக 1968-இலும் 1969-இலும் இரண்டு முன்னோட்ட எபிசோடுகளை எடுத்தார். இரண்டையும் அந்த சேனல் நிராகரித்தது. பிறகு சி.பி.எஸ். துணிந்தது. 1971 ஜனவரி 12-இல் முதல் எபிசோட் ஒளிபரப்பானபோது, நம்முடைய பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைச்சுவையாகக் காட்டவே இந்த முயற்சி என்று விளக்கம் சொல்லும் அறிவிப்பு ஒன்றை முன்னால் போட்டுத்தான் காட்டினார்கள்.

வாப்பிங் நியூயார்க்கின் குவீன்ஸ் ஆனது. ஆல்ஃப் கார்னெட் ஆர்ச்சி பங்கர் ஆனான். அரசியும் கன்சர்வேட்டிவ் கட்சியும் இருந்த இடத்தில் நிக்ஸனும் வியட்நாம் போரும் வந்தன. லண்டன் மூலத்தில் வர்க்க வேறுபாடு எப்போதும் பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்கும். குவீன்ஸ் வீட்டில் அந்த இடத்தை நிறவெறி பிடித்துக்கொண்டது. லியர் செய்த இன்னொரு மாற்றம் இதைவிட நுட்பமானது. ஆல்ஃபின் மனைவி எல்ஸ், கணவனுக்குப் பதிலடி கொடுத்தே பழகிய முரட்டுப் பெண். ஜீன் ஸ்டேபிள்டன் நடித்த ஈடித் பங்கரோ கள்ளமில்லாத அன்பு கொண்டவள். கணவனின் வெறுப்பு அவளைத் தொடுவதே இல்லை. இப்படி ஒருத்தி அவனை நேசிக்கிறாள் என்பதாலேயே பார்ப்பவர்கள் ஆர்ச்சியை முற்றாக ஒதுக்க முடியாமல் போனது. ஆர்ச்சி வேடமேற்ற கேரல் ஓ'கானரின் நடிப்பும் அதற்கு ஈடுகொடுத்தது.

1972 பிப்ரவரியில் ஒளிபரப்பான எபிசோட் ஒன்றில், பகுதி நேரமாக டாக்ஸி ஓட்டும் ஆர்ச்சியின் வண்டியில் தன் பெட்டியை மறந்துவிட்ட பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர், அதை வாங்கிக்கொள்ள அவன் வீட்டுக்கே வருகிறார். அவர் கறுப்பினத்தவர். புகழ்பெற்ற ஒருவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெருமை ஒரு பக்கம், ஊறிப்போன வெறுப்பு மறுபக்கம் என்று ஆர்ச்சி தத்தளிக்கிறான். நினைவுக்காக இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளும்போது, கேமரா சொடுக்கப்படும் அதே கணத்தில் சாமி டேவிஸ் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிட்டுவிடுகிறார். ஆர்ச்சி உறைந்து நிற்க, அரங்கத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. லண்டன் மூலத்தில் இந்தக் காட்சி கிடையாது; இருந்திருக்கவும் முடியாது. அமெரிக்காவின் காயத்திலிருந்து பிறந்த நகைச்சுவை அது. தொடர்ந்து ஐந்து சீசன்களில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடராக இது விளங்கியது. ஆர்ச்சியின் நாற்காலி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

'ஆல் இன் த ஃபேமிலி' தொடங்கிய அடுத்த ஆண்டே லியரும் அவருடைய கூட்டாளி பட் யார்கினும் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரைக் கையில் எடுத்தார்கள். ரே கால்டன், ஆலன் சிம்ப்ஸன் இருவரும் எழுதிய இந்த பி.பி.சி. தொடரில், குதிரை வண்டியில் போய்ப் பழைய சாமான் வாங்கும் காயலான் கடைக்காரத் தந்தையும் அங்கிருந்து தப்பித்து ஓடத் துடிக்கும் மகனும்தான் எல்லாம். அமெரிக்காவில் அது லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினத் தந்தை–மகன் கதையாக, ரெட் ஃபாக்ஸ் நடிப்பில், 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' என்று வந்து 1977 வரை ஓடியது. லண்டன் கதையில் படிந்திருந்த துயரம் இதில் மிகவும் குறைவு. 'மேன் அபவுட் த ஹவுஸ்' என்ற தொடர் 1977-இல் 'த்ரீஸ் கம்பெனி'யாகி ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சிரிக்கவைத்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

தோல்விகளுக்கும் குறைவில்லை. ஜான் கிளீஸும் கானி பூத்தும் ஒவ்வொரு கதைக்கும் பல வாரங்கள் செலவிட்டு எழுதிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுகள்தான். சிடுமூஞ்சி ஓட்டல் முதலாளி பேஸில் ஃபால்ட்டி இல்லாமல் அந்தத் தொடரே இல்லை. அமெரிக்கர்கள் மூன்று முறை முயன்றார்கள். 1978-இல் எடுத்தது முன்னோட்டத்தோடு நின்றது. 1983-இல் பியா ஆர்தர் நடித்த 'அமாண்டாஸ்' சில மாதங்களில் முடிந்தது. 1999-இல் வந்த 'பெய்ன்' சில வாரங்களே தாங்கியது. இவற்றில் இரண்டாவதில் பேஸில் என்ற கணவன் பாத்திரத்தையே நீக்கிவிட்டார்கள் என்று கிளீஸ் வியந்து சொல்வதுண்டு. பேஸிலின் கோபம் வெறும் முன்கோபம் அல்ல. தன்னைவிட உயர்ந்த வர்க்கத்தாரிடம் குழைவதும் தாழ்ந்தவர் என்று நினைப்பவரிடம் சீறுவதுமாக அலையும் ஒரு மனிதனின் அவமானம் அது. அந்த அவமானத்துக்கு ஈடான ஒன்றைத் தங்கள் மண்ணில் தேடாமல் ஓட்டலை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் மூன்றுக்கும் பொதுவான பிழை.

'கப்ளிங்' தொடருக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். 'ஃப்ரெண்ட்ஸ்' முடியப்போகிறது, அதன் இடத்தை இது நிரப்பும் என்று நம்பி 2003-இல் என்.பி.சி. பெரிய விளம்பரத்தோடு இறக்கியது. ஸ்டீவன் மொஃபட் எழுதிய பிரிட்டிஷ் வசனங்களையே பெரும்பாலும் வெட்டிச் சுருக்கிப் பேசவைத்தார்கள். பொறுமையாக முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் கதைகள் 22 நிமிடத்தில் மூச்சுத் திணறின. நான்கு எபிசோடுகளோடு தொடர் நிறுத்தப்பட்டது.

அதே என்.பி.சி. 2005 மார்ச் 24-இல் 'தி ஆபீஸ்' தொடரைத் தொடங்கியபோதும் பலர் இதே முடிவைத்தான் எதிர்பார்த்தார்கள். ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் உருவாக்கிய மூலம் 2001-இல் பி.பி.சி.யில் வந்தது. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித வியாபார நிறுவனத்தின் கிளை. தன்னை எல்லோருக்கும் பிடிக்கும் என்று நம்பும் மேலாளர் டேவிட் பிரென்ட். ஆவணப்படம் எடுக்கும் கேமரா. 12 எபிசோடுகளும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும் மட்டுமே. இரண்டாவது சீசனின் முடிவில் பிரென்ட் வேலையை இழந்து, தன்னை அனுப்பிவிட வேண்டாம் என்று கெஞ்சும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அமெரிக்கப் பதிப்புக்குப் பொறுப்பேற்ற கிரெக் டேனியல்ஸ் கதையைப் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகருக்குக் கொண்டுபோனார். முதல் எபிசோட் கிட்டத்தட்ட வரிக்கு வரி பிரிட்டிஷ் வசனம். ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைக்கும் குறும்புகூட அப்படியே. வரவேற்பு மந்தமாகவே இருந்தது. ஸ்டீவ் கேரல் நடித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட், பிரென்ட்டின் நகலாகத் தெரிந்தார். ஆறு எபிசோடு தாங்கும் எரிச்சலை ஆண்டுக்கு இருபதுக்கு மேல் தாங்க முடியாது. இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் பாதையை மாற்றினார்கள்.

அந்த சீசனின் தொடக்கத்தில் வரும் 'ஆபீஸ் ஒலிம்பிக்ஸ்' எபிசோடில் அந்த மாற்றம் கண்ணெதிரே நடக்கிறது. மேலாளர் தன் புது வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட வெளியே போயிருக்க, ஊழியர்கள் அலுவலகத்துக்குள் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். தயிர் டப்பாவின் மூடிதான் பதக்கம். காகிதக் கிளிப்புகளைக் கோத்தது சங்கிலி. கடன் பயத்தோடு திரும்பிவரும் மைக்கேலுக்கு, வீடு வாங்கியதற்காக ஊழியர்களில் ஒருவனான ஜிம் ஒரு தங்கப் பதக்கம் சூட்டுகிறான். தேசிய கீதம் ஒலிக்கிறது. மைக்கேலின் கண் கலங்குகிறது. சிறுபிள்ளைத்தனமும் தனிமையும் கொண்ட மனிதன், அலுவலகத்தையே குடும்பமாக நினைத்து ஏங்குகிறான் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. அதே சீசனில் அவர் உண்மையிலேயே திறமையான விற்பனையாளர் என்றும் காட்டினார்கள். பிரென்ட்டுக்கு அந்தத் தகுதி தரப்படவில்லை. தொடர் ஒன்பது சீசன்கள், 201 எபிசோடுகள் ஓடி 2013-இல் முடிந்தது. 2006-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதையும் பெற்றது. மூலத்தின் கூர்மை இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் மூலத்தால் தர முடியாத நெடுநாள் உறவை இது தந்தது.

இந்த எழுத்தாளர் குழுவில் தமிழர்களுக்கு அறிமுகமான பெயர் ஒன்று உண்டு. மிண்டி கேலிங்கின் தந்தை தமிழர், தாய் வங்காளி; சொக்கலிங்கம் என்ற குடும்பப் பெயரைச் சுருக்கியதுதான் கேலிங். கெல்லி கபூர் என்ற பாத்திரத்தில் நடித்ததோடு பல எபிசோடுகளை அவர் எழுதினார். ஸ்க்ரான்டன் ஊழியர்கள் அனைவரும் தீபாவளிக் கொண்டாட்டத்துக்குப் போகும் 2006-ஆம் ஆண்டு எபிசோட் அவர் எழுதியதே.

நகைச்சுவைக்கு வெளியே, அரசியல் கதையான 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' நீளத்தின் விலையைத் தெளிவாகக் காட்டுகிறது. பி.பி.சி.யில் முதல் எபிசோட் 1990 நவம்பர் 18-இல் வந்தது; நான்கே நாளில் மார்கரெட் தாட்சர் பதவி விலகுவதாக அறிவித்தார். கேமராவைப் பார்த்து நம்மிடம் ரகசியம் பேசியபடியே கொறடா பிரான்சிஸ் அர்கார்ட் பிரதமராகிவிட நான்கு எபிசோடுகள் போதுமாயிருந்தன. 2013-இல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்த பதிப்பில் பிரான்சிஸ் அண்டர்வுட் அமெரிக்க அதிபராக 26 எபிசோடுகள் ஆயின. முதல் சீசனின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டு, இணையத் தொடர்களின் காலத்தைத் திறந்துவைத்த பெருமை இதற்கு உண்டு. ஆனால் அதிபரான பிறகு நான்கு சீசன்களுக்குக் கதையை இழுத்ததில், மூலத்தின் ஈவிரக்கமற்ற வேகம் கரைந்துபோனது.

மான்செஸ்டர் குடியிருப்பிலிருந்து சிகாகோவின் தெற்குப் பகுதிக்குப் போன 'ஷேம்லெஸ்' நன்றாக வேர்பிடித்தது. இரு நாட்டிலும் 11 சீசன்கள். பிரிட்டனில் இலவச மருத்துவமும் அரசு வீடும் இருந்தன. சிகாகோ குடும்பத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லாததால் வறுமையின் முகமே வேறாயிற்று. 'பிராட்சர்ச்' தொடரின் அமெரிக்கப் பதிப்பான 'கிரேஸ்பாயின்ட்'டோ, அதே டேவிட் டெனன்ட்டை அமெரிக்க உச்சரிப்பில் பேசவைத்து அதே கொலையைத் துப்பறிந்தது. மூலம் முந்தைய ஆண்டே 'பி.பி.சி. அமெரிக்கா' சேனலில் வந்துவிட்டதால் புதிதாகக் காட்ட ஒன்றுமில்லை. 2014-இல் ஒரே சீசனோடு முடிந்தது.

போட்டி நிகழ்ச்சிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே விற்கப்படுவது இசை, விளக்கொளி, விதிமுறை எல்லாம் சேர்ந்த ஓர் அச்சு. 1998-இல் பிரிட்டனில் பிறந்த 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' மறு ஆண்டே அமெரிக்கா சேர்ந்தது. அதே அச்சில்தான் தமிழில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' ஆகியவை வந்தன. 'பாப் ஐடல்' 2002-இல் 'அமெரிக்கன் ஐடல்' ஆனதும் இப்படித்தான்.

அண்மையில் நன்கு அமைந்தது 'கோஸ்ட்ஸ்'. பழைய மாளிகையைப் பெறும் தம்பதி, அங்கேயே இறந்து ஆவியாக உலவுபவர்களோடு வாழப் பழகும் கதை. பி.பி.சி.யில் 2019-இல் வந்த மூலத்தில் ஆவிகள் குகை மனிதன், காதல் கவிஞன், இரண்டாம் உலகப் போர்க் கேப்டன், கன்சர்வேட்டிவ் எம்.பி. என்று பிரிட்டிஷ் வரலாற்றின் அடுக்குகளிலிருந்து வந்தவர்கள். 2021-இல் தொடங்கிய சி.பி.எஸ். பதிப்பு மாளிகையை நியூயார்க் மாநிலத்தில் வைத்து, வைக்கிங் வீரன், லெனாப்பே பழங்குடி இளைஞன், ஜாஸ் பாடகி, ஹிப்பி என்று அமெரிக்க மண்ணில் இறந்தவர்களைக் குடிவைத்தது. சட்டகம் ஒன்று, வரலாறு வேறு; ரீமேக் செய்வோர் கற்க வேண்டிய பாடம் இதில் முழுதாக இருக்கிறது. 34 எபிசோடுகளில் மூலம் நிறைவடைய, அமெரிக்கப் பதிப்பு மூன்று சீசன்களிலேயே 50-ஐத் தொட்டது. 2023-இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்து புதிய எபிசோடுகள் தயாராகாதபோது, சி.பி.எஸ். பிரிட்டிஷ் மூலத்தையே தன் முதன்மை நேரத்தில் ஒளிபரப்பியது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க 'கோஸ்ட்ஸ்' மூன்றாம் சீசனுடன் திரும்பியது.