பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மணமே வாங்குவோரை அழைத்து வரும் என்பது அதன் கருத்து. மணம் எட்டும் தொலைவில் வாங்குவோர் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். இன்று வாங்குவோர் அம்பத்தூரிலும் அடையாற்றிலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். அவர்கள் கண்முன் நாள்தோறும் விரிவது கைப்பேசித் திரை. அத்திரையில் நம் சரக்கு இல்லையேல், அவர்களைப் பொறுத்தமட்டில் அச்சரக்கே இல்லை எனலாம்.

நம் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் மன்னன் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கைப் பின்னாள் வைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் அம்மனக்கோயிலுக்கு எழுந்தருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. மனத்துள் இருப்பதை இறைவன் அறிவான். அலமாரிக்குள் மடித்து வைத்த புடவையை வாங்குவோர் அறியார். சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்வையிடும்போது, தரக்குறைவால் தங்கிய சரக்கோடு, எவர் கண்ணிலும் படாமையால் தங்கிய நல்ல சரக்கும் இருப்பதைக் காண்கிறோம். சரக்கு தங்கினால் நூல் வாங்கப் பணமில்லை. நூலின்றிப் பாவு இல்லை. பாவின்றிக் கூலி இல்லை. ஆகவே சமூக ஊடகம் என்பது இளைஞர் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடத் தக்கதன்று.

எதைக் காட்டுவது?

முகநூல் 2004-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும், வணிகருக்கான தனி வாட்ஸ்அப் 2018-லும் தோன்றின. பெரிய ஜவுளிக்கடைக்கும் நம் சிறு சங்கத்துக்கும் இவற்றில் திரையின் அளவு ஒன்றே. ஆயினும் நடிகையரைக் கொண்டு விளம்பரம் செய்வோரோடு ஆடம்பரத்தில் போட்டியிட நம்மால் இயலாது; அது வேண்டுவதும் இல்லை. இதனை நெய்தவர் இன்னார், விளைத்தவர் இன்னார் என்று நேரே சொல்ல நம்மால் இயலும். அதுவே நம் பலம்.

1935-இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், 2010-களின் நடுவில், நெசவாளரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையைப் பட்டுப் புடவைகளோடு இணைக்கலாயிற்று. அந்த அட்டையையே திரைக்கு மாற்றினால் நம் விளம்பரம் பாதி ஆயிற்று.

மறுபாதியை வாங்கியவர்களே செய்து தருவர். 2015-இல் பெங்களூரைச் சேர்ந்த தோழியர் இருவர், ஆண்டில் நூறு முறை புடவை உடுத்தி ஒவ்வொன்றின் கதையையும் படத்தோடு எழுதுவது என உறுதி பூண்டனர். அது பல்லாயிரம் பெண்களிடம் பரவிற்று. முதல் தேசியக் கைத்தறி நாள் அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் சென்னையில் தொடங்கி வைக்கப்பட்டது. மறு ஆண்டு மத்திய ஜவுளி அமைச்சர் ஸ்மிருதி இரானி, கைத்தறி உடுத்திப் படம் இடுமாறு மக்களை அழைத்தபோதும் பலர் இட்டனர். இவற்றுள் எதிலும் "வாங்குங்கள், வாங்குங்கள்" என்ற கூவல் இல்லை. தம் புடவையைப் பற்றித் தாமே பேசினர். நம்மிடம் வாங்கியவரையும், உடுத்திய படத்தை அனுப்புமாறு வேண்டி, அவர் இசைவோடு வெளியிடுவது நூறு அறிவிப்புக்குச் சமம்.

எங்ஙனம் செய்வது?

முதலாவதாக, சங்கத்தின் பெயரால் ஓர் எண்ணும், அதற்கு விடையளிக்கப் பொறுப்பான ஒருவரும் வேண்டும். காலையில் கேட்ட விலைக்கு மறுநாள் விடை வருமாயின், வாங்குவோர் வேறு கடைக்குச் சென்றிருப்பர்.

இரண்டாவதாக, படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும். குழல் விளக்கின் கீழ் அரக்கு நிறம் வேறாய்த் தோன்றும். பின்னர் பூசல் விளையும். புடவை முழுமையும், கரையும், முந்தானையும், இயலுமாயின் தறியில் இருக்கும் நிலையும் காட்டுக. நீளம், நூல் வகை, விலை, துவைக்கும் முறை ஆகியன தவறாது எழுதுக. நெசவாளரின் முகத்தைக் காட்டுமுன் அவர் இசைவைப் பெறுக.

மூன்றாவதாக, சரக்குக்கு ஏற்ற இடம் தேர்க. வாட்ஸ்அப்பில் 'ஸ்டேட்டஸ்' எனும் அறிவிப்பு 24 மணி நேரத்தில் தானே மறையும். அன்றாடம் பறிக்கும் கீரைக்கும் மல்லிகைக்கும் அதுவே ஏற்ற பலகை. புடவைக்கோ, விலைப்பட்டியல்போல் நிலைத்து நிற்கும் 'கேட்டலாக்' பகுதி ஏற்றது. மொத்தமாய் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தோரையே சென்றடையும். ஆகவே ஒவ்வொரு ரசீதிலும் எண்ணை அச்சிட்டு, பதிந்துகொள்ளச் சொல்லுக.

நான்காவதாக, பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். தனியார் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகலாகாது. வரவு அன்றே நாள்வழியில் ஏறவேண்டும். படத்தை விரும்பியோர் எத்தனை பேர் என்பது விற்பனைக் கணக்கு ஆகாது, வாங்குவோரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்து வைப்பதே கணக்கு.

மெய்யே முதல்

இதே திரையில் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதும் உண்டு. குறித்த 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் நம் காவல். முத்திரை பெற்ற சங்கங்கள் அதனைப் படத்தில் தெளிவாகக் காட்டவேண்டும். நாமும் பொய் சொல்லலாகாது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு.

குறையையும் முன்னரே சொல்லிவிடுதல் நன்று. 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற நம் மதராஸ் கட்டத்துணி, துவைக்குந்தோறும் சாயம் இறங்கிற்று. அதனைச் சொல்லாது விற்றமையால் வாங்கியோர் சினந்தனர். பின்னர், சாயம் இறங்குவதே அதன் இயல்பு, ஒவ்வொரு சலவையிலும் நிறம் புதிதாகும் என்று வெளிப்படையாக விளம்பரம் செய்தபோது, அதே துணியை மக்கள் விரும்பித் தேடி வாங்கினர். துணியில் மாற்றம் ஏதுமில்லை. சொன்ன முறையே மாறிற்று.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளரும் பிறரும் கூடித் தொடங்கிய கடை, கலப்படமற்ற சரக்காலும் சரியான எடையாலும் பெயர் பெற்றது. நம் அருகிலுள்ள திரூரில் 1904-இல் தோன்றிய வேளாண் கடன் சங்கமே இம்மாநிலத்தின் முதற்சங்கம். இவ்விரண்டும் நம்பிக்கையை முதலாகக் கொண்டு எழுந்தவை. அம்முதல் நம்மிடம் இன்றும் உண்டு. திரை அதனைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கருவியே.

உறுப்பினர்கள் அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்கவேண்டும். படம் எடுக்க வல்ல உறுப்பினரின் மகனோ மகளோ ஊரில் இல்லாமல் இரார். அவருக்குச் சிறு ஊதியம் அளித்து, வாரம் மூன்று படங்களுடன் தொடங்குக. ஆறு திங்கள் கழித்து இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்க்க.