ஆளா, இயந்திரமா? தோட்டக் கணக்கில் ஒரு பொருளியல் பாடம்

பொருளியல் பயிலும் மாணவர்களுக்கு முதலாம் ஆண்டிலேயே ஒரு கேள்வி தவறாமல் வரும். குறிப்பிட்ட அளவு உற்பத்தியை மிகக் குறைந்த செலவில் பெற, ஒரு நிறுவனம் எத்தனை ஆட்களை அமர்த்த வேண்டும், எவ்வளவு மூலதனம் போட வேண்டும்? சம உற்பத்தி வளைகோடும் சம செலவுக் கோடும் தொட்டுக்கொள்ளும் புள்ளியே விடை. தேர்வுக்கு அது போதும். ஆனால் பாடாங் மேஹா, பாடாங் செராய், கூலிம் என்று தென் கெடாவின் தோட்டங்களுக்கிடையே வளர்ந்தவர்களுக்கு அது வெறும் புள்ளியன்று. நம் தாத்தா பாட்டிமார் அந்தப் புள்ளியில் நின்றுதான் வேலை செய்தார்கள். அது நகர்ந்தபோது அவர்களும் நகர வேண்டியதாயிற்று.

விதி என்ன சொல்கிறது?

விதி எளிமையானது. கடைசி ஒரு ரிங்கிட்டைக் கூலியாகக் கொடுத்தால் எவ்வளவு கூடுதல் விளைச்சல் கிடைக்கும்? அதே ரிங்கிட்டை இயந்திரத்தில் போட்டால் எவ்வளவு கிடைக்கும்? எதில் அதிகம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் நிர்வாகம் பணத்தைத் திருப்பும். இரண்டும் சமமாகும்போது செலவு மிகக் குறைவாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எண்கள் கற்பனையே. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலைகளைச் சாலையோரம் சேர்க்க 10 ஆட்கள் தேவை என்று கொள்வோம். சிறு டிராக்டர் ஒன்று இருந்தால் 2 பேரே போதும். டிராக்டரின் தேய்மானம், வட்டி, டீசல், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 190 ரிங்கிட். நாட்கூலி 20 ரிங்கிட் என்றால் ஆட்களைக் கொண்டே செய்ய 200 ரிங்கிட் ஆகும். டிராக்டர் வழியில் 230 ரிங்கிட். ஆகவே ஆட்களே மலிவு. கூலி 40 ஆனால் 400க்கு எதிராக 270. இப்போது டிராக்டரே மலிவு. இரண்டும் சமமாகும் கூலி 23 ரிங்கிட் 75 காசு.

நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தால் கணக்கே வேறு. அங்கே ஒரு டிராக்டரால் பாதி வேலைதான் முடியும் என்றால், 2 டிராக்டரும் 4 ஆட்களும் வேண்டும். அப்போது கூலி 63 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் இயந்திரம் இலாபம் தரும். ஒரே நிறுவனத்தின் சமவெளித் தோட்டத்தில் டிராக்டரும் மேட்டுத் தோட்டத்தில் ஆட்களோ எருமை வண்டியோ இருப்பதற்கு இதுவே காரணம்.

பால்மரமும் உளியும்

ஆனால் எல்லா வேலையையும் இப்படி மாற்றிவிட முடியாது. பால்மரத்தைச் சீவும்போது பட்டையைத் தாண்டி உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலாக நின்றால் பால் வராது. இந்த நிதானம் கைக்கே உரியது. பொழுது விடியுமுன் நிரையில் நின்று சில நூறு மரங்களைச் சீவி, பின் மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்க்கும் வேலையைப் பல்லாண்டுகளாக எந்த இயந்திரமும் முழுமையாக ஏற்கவில்லை.

எனவே நிறுவனங்கள் வேறு வழி தேடின. 1960களின் இறுதியில் எத்தெபோன் என்னும் பால் ஊக்கி மருந்து வந்தது. பட்டையில் தடவினால் பால் நீண்ட நேரம் வடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவிய மரத்தை மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை சீவினாலும் போதும் என்ற நிலை உருவானது. அதே ஆள் இப்போது கூடுதல் மரங்களைக் கவனிக்கலாம். இயந்திரம் வராமலேயே ஆள் குறைந்தது.

அடுத்து, பயிரே மாறியது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரத்தில் தொடங்கப்பட்டது. 1960களுக்குப் பிறகுதான் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது பரவலாயிற்று. செம்பனையை நாள்தோறும் தொட வேண்டியதில்லை. 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். ஒரே பரப்பளவுக்குப் பால்மரத்தைவிட மிகக் குறைந்த ஆட்களே தேவை. ரப்பர் விலைச் சரிவோடு இந்தக் கூலிக் கணக்கும் சேர்ந்தே பயிரை மாற்றியது எனலாம்.

வியப்பான இன்னொரு செய்தியும் உண்டு. முன்பு செம்பனைப் பூக்களுக்கு ஆட்களே, பெரும்பாலும் பெண்கள், மகரந்தப் பொடியைத் தூவிவந்தனர். 1981இல் ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு தோட்டங்களில் விடப்பட்டது. அது பூவுக்குப் பூ பறந்து அந்த வேலையை இலவசமாகச் செய்தது. கூலியும் கேட்கவில்லை, டீசலும் கேட்கவில்லை. பெண்களின் அந்த வேலை இல்லாமற் போனது.

கூலியை யார் முடிவு செய்கிறார்?

பாடநூல் கூலியைக் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொள்கிறது. தோட்ட வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு மலிவான ஆட்கள் தமிழகத்திலிருந்து வந்துகொண்டே இருந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடியேறுவதைத் தடை செய்தது. அதுவரை செலவைக் குறைத்த அந்த மலிவான ‘உழைப்பு’ நம் முன்னோர்களே.

பிற்காலத்தில் தோட்டப் பிள்ளைகள் படித்துப் பினாங்கு, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினர். தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. விதிப்படி கூலி ஏறி, இயந்திரம் வந்திருக்க வேண்டும். ஆனால் 1984இல் இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்நாட்டுத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கு வந்தனர். பின்னர் வங்காளதேசத்தவரும் வந்தனர். நம் எடுத்துக்காட்டில் கூலி 23 ரிங்கிட் 75 காசைத் தொடுமுன்னரே 20 ரிங்கிட்டுக்கு வேறோர் ஆள் கிடைத்துவிட்டார். டிராக்டர் கடையிலேயே நின்றது.

மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ என்னும் மோட்டார் அரிவாள் 2000களிலேயே விற்பனைக்கு வந்தது. ஆயினும் பல தோட்டங்களில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளே தொடர்ந்தது. 2020 மார்ச்சில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டு வெளிநாட்டு ஆட்கள் வருவது நின்றபோதுதான் உண்மை தெரிந்தது. 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டிய வேளையிலும், வெட்ட ஆளின்றிப் பழங்கள் மரத்திலேயே அழுகின. இந்த நெருக்கடிக் காலத்தில்தான் இயந்திரமயமாக்கல் ஆய்வுக்கென அரசாங்கமும் நிறுவனங்களும் சேர்ந்து பணம் ஒதுக்கின.

தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022இல் 1,500 ஆகவும், 2025இல் 1,700 ஆகவும் உயர்ந்தது. தோட்டங்களில் இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும் என்பதால் மலிவான ஆள் என்ற வழி குறுகிவருகிறது.

கணக்கில் வராத செலவு

ஆளைக் குறைப்பதற்கும் ஒரு செலவு உண்டு. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிமுறைகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் குறைந்தபட்ச இழப்பீடு. நாட்கூலி 20 ரிங்கிட்டில் 20 ஆண்டு உழைத்தவருக்கு இது 8,000 ரிங்கிட். நிறுவனத்தின் ஏட்டில் இந்தத் தொகை ஏறும், கணக்கும் முடியும்.

ஆனால் தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1980களில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வகுத்த உச்ச விலையே 25,000 ரிங்கிட். எட்டாயிரத்துக்கும் இருபத்தையாயிரத்துக்கும் இடையில் உள்ள 17,000 ரிங்கிட் எந்த நிறுவனத்தின் உற்பத்திச் செலவிலும் சேரவில்லை. அதை அந்தக் குடும்பமே சுமந்தது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அக்கம்பக்கமும் கலைந்ததற்கு விலையே போடப்படவில்லை.

இதனால் விதி தவறு என்று ஆகிவிடாது. நிறுவனம் தனக்குரிய செலவைத்தான் குறைக்கும்; அதற்கு அந்த விதி சரியாகவே பொருந்துகிறது. அது சமுதாயத்தின் செலவையும் குறைக்கும் என்று எண்ணுவதே பிழை. சம செலவுக் கோட்டின் சாய்வு என்பது கூலிக்கும் மூலதன விலைக்கும் உள்ள விகிதம். அந்த விகிதத்தைச் சட்டமும் ஒப்பந்தமும் எல்லைக் கதவும் வரைகின்றன. நாளை தோட்ட நிர்வாகத்திலோ, தொழிலாளர் அலுவலகத்திலோ, கொள்கை வகுக்கும் இடத்திலோ அமரப்போகும் நண்பர்களே, அந்தக் கோட்டை வரையும் பென்சில் நம் கைக்கும் வரும். அப்போது வீட்டின் விலையையும் செலவில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.