வியாபார இணையதளம்: சாவி யார் கையில்?



சத்திரப்பட்டியில் நெய்யும் பண்டேஜ் துணி வெளிமாநிலங்களுக்குப் போகிறது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெளியூர்க்காரர்கள் இணையத்தில் தேடுகிறார்கள். நம் பகுதியில் தொழில் செய்வோர் சிலர் பணம் செலவழித்து இணையதளமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் திறந்து பார்த்தால் போன வருட விலையும் மாறிப்போன செல் நம்பரும்தான் இருக்கின்றன. கேட்டால், "செய்து கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை" என்ற பதில் வருகிறது. நமக்கு வரவேண்டிய ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடுகிறது. இந்த நிலை வராமல் இருக்க உதவுவதுதான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, சுருக்கமாக சி.எம்.எஸ்.

அது என்ன?

பழைய முறையில் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பு. இருபது பக்கம் இருந்தால், ஒரு போன் நம்பரை மாற்ற இருபது கோப்புகளையும் திருத்த வேண்டும். அதற்கு விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். சி.எம்.எஸ். முறையில் எழுத்தும் விலையும் தரவுத்தளத்தில் இருக்கும். பக்கத்தின் தோற்றம் 'தீம்' என்ற பெயரில் தனியாக இருக்கும். வாடிக்கையாளர் திறக்கும் நேரத்தில் மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஷோரூமுக்குப் புது பெயின்ட் அடித்தாலும் குடோன் சரக்கு அப்படியே இருக்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

என்ன பயன்?

முதலாவது, மாற்றத்தை நாமே செய்யலாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பத் தெரிந்தவர் இரண்டொரு நாள் பழகினால் புது டிசைனைத் தளத்தில் ஏற்றிவிடலாம். இரண்டாவது, வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து தையல் தொழில் செய்யும் சகோதரி நிர்வாகியாக இருந்துகொண்டு, படம் ஏற்றும் உரிமையை மட்டும் மகளுக்குக் கொடுக்கலாம். மூன்றாவது, தவறாக எழுதிவிட்டால் முந்தைய பதிவை மீட்கலாம். நான்காவது, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பக்கங்கள் வைக்கலாம். நமது விருதுநகர் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளமே இரு மொழிகளில் இருப்பதைப் பாருங்கள்.

எதைத் தேர்வு செய்வது?

அதிகம் பயன்படுவது வேர்ட்பிரஸ். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003 மே மாதம் வெளியிட்ட இம்மென்பொருளில்தான் இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயங்குகின்றன. மென்பொருள் இலவசம். டொமைன் பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும் மட்டும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. ஆர்டர் வாங்க 'வூகாமர்ஸ்' என்ற இலவச பிளகினைச் சேர்க்கலாம். பராமரிப்பு வேலை வேண்டாம் என்போர், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோவின் 'ஜோஹோ சைட்ஸ்' போன்ற சந்தா சேவைகளைப் பார்க்கலாம். அதில் சர்வரை அந்த நிறுவனமே கவனித்துக்கொள்ளும். ஆனால் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது வேர்ட்பிரஸ் அளவுக்கு எளிதல்ல.

எல்லோருக்கும் இணையதளம் தேவை என்று நாம் சொல்லவில்லை. ஒரே தெருவில் வியாபாரம் செய்பவருக்கு கூகுள் மேப்பில் கடைப் பதிவும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும். வெளியூர் ஆர்டரை நம்பியிருப்பவர்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வேர்ட்பிரஸில் தளம் வைப்பவர் மென்பொருளையும் பிளகின்களையும் அவ்வப்போது அப்டேட் செய்ய வேண்டும். பழைய பதிப்பில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் ஹேக்கர்கள் நுழைகிறார்கள். விலைக்கு விற்கும் தீமைத் திருட்டு நகலாக இலவசத்தில் போடுவது பிறர் உழைப்பைப் பறிப்பது. அதற்குள் வைரஸும் ஒளிந்திருக்கலாம். வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டொமைன் பெயர். அது யார் பெயரில், யார் இமெயிலில் பதிவாகிறதோ அவர்தான் உரிமையாளர். செய்து கொடுப்பவரின் பெயரில் பதிவானால், அவருடன் மனஸ்தாபம் வரும் நாளில் பல வருடம் சம்பாதித்த கடைப் பெயர் நம் கையை விட்டுப் போய்விடும். புதுப்பிக்கத் தவறினாலும் வேறொருவர் அதை வாங்கிவிட முடியும்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. டொமைன் என் பெயரில், என் இமெயிலில் பதிவாகுமா?
2. நிர்வாகி பாஸ்வேர்டு என்னிடம் தரப்படுமா?
3. ஆண்டுக் கட்டணம் மொத்தம் எவ்வளவு?
4. வேறு ஆளிடம் மாற்ற விரும்பினால் முழு பேக்கப் கிடைக்குமா?

பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கான விடையை இந்த வாரமே சரிபார்த்துக்கொண்டால், இன்ஷா அல்லாஹ், பின்னால் வரும் பெரிய நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.