பெயர் பொறியாத காசோலை

குற்றாலத்துச் சாரற்காலத்திற்கெனக் கடை பிடிக்கும் ஒருவன், தென்காசியில் நேற்றுத் தொடங்கிய கணக்கினின்றும் முன்பணத்திற்குக் காசோலை தருகிறான் என்று கொள்வோம். வங்கியார் உடனே கொடுத்த அவ்வேட்டில் கணக்கெண் உண்டு. அவன் பெயர் இல்லை. இது செல்லுமோ என்று கடைக்குடையவர் ஐயுறுவர். செல்லும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வேண்டுவது கையொப்பமேயன்றி அச்சிட்ட பெயரன்று. இதழின் அடியிலுள்ள காந்த மை எண்களே பொறியினாற் படிக்கப்படுவன. அவற்றுள் முதல் ஆறிலக்கம் காசோலைக்குரியது, அடுத்த ஒன்பது நகரையும் வங்கியையும் கிளையையும் மும்மூன்றாய்ச் சுட்டும்.

ஆயினும் கடன் கொடுப்போர் சான்றாகக் கேட்கும் இரத்துசெய்த காசோலையிற் பெயரையும் தேடுவர். ஆதலின் பெயருள்ள ஏட்டிற்கு அன்றே விண்ணப்பித்தல் நலம்.

ஏடு வந்ததனாற் பணமும் வந்ததாக எண்ணுதல் இளைஞர்க்கு இயல்பு. ஆசிரியருள்ளும் அத்தகையோர் உளர்! பிறர் தந்த காசோலையைக் கணக்கிற் செலுத்தினும், அது தீர்வாகுங்காறும் அத்தொகை நம்முடையதன்று. அதனை நம்பி, தீர்க்கவேண்டிய கடனுக்கு நாம் எழுதியது பணமின்றித் திரும்பி, முறைப்படி அறிவிப்புப் பெற்ற 15 நாளுள்ளும் கொடாதொழியின், 138-ஆம் பிரிவு ஈராண்டுவரை சிறையேனும், தொகையின் இருமடங்குவரை அபராதமேனும், இரண்டுமேனும் விதிக்க இடந்தருகின்றது.