கூட்டுத் தயாரிப்பில் சிறுபங்காளர்: ஐரோப்பிய உடன்படிக்கைகள் வழி ஒரு விளக்கம்

இரு நாட்டுத் தயாரிப்பாளர்கள் முதலீட்டைப் பகிர்ந்துகொள்வதால் மட்டுமே ஒரு திரைப்படம் அரசின் ஏற்புப் பெற்ற கூட்டுத் தயாரிப்பு ஆகிவிடாது. உடன்படிக்கையின்கீழ் அவ்வேற்பைப் பெறும் படம், பங்குபெறும் ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுப் படத்திற்குரிய சலுகைகளைப் பெறுகிறது. உள்நாட்டுச் சந்தை சிறிதாக உள்ள தயாரிப்பாளர் அயல்நாட்டுப் பங்காளரை நாடும்போது, தம் நாட்டு நிதியுதவிக்கு வழி திறக்கும் இத்தகுதியே அவரது வலிமையாகிறது.

இத்தகுதிக்கு எல்லை வகுப்பது குறைந்தபட்சப் பங்கு விதி. ஐரோப்பியக் கவுன்சிலின் 1992ஆம் ஆண்டு உடன்படிக்கை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள் இணையும் படங்களுக்கு 10 விழுக்காட்டையும், இரு நாடுகள் மட்டும் இணையும் படங்களுக்கு 20 விழுக்காட்டையும் குறைந்தபட்சப் பங்காக வரையறுத்தது. 2017இல் ரோட்டர்டாமில் கையெழுத்திற்கு வைக்கப்பட்ட திருத்திய உடன்படிக்கை இவற்றை முறையே 5, 10 விழுக்காடுகளாகக் குறைத்தது. பெரும்பொருட்செலவுப் படங்களிலும் சிறுநாட்டுத் தயாரிப்பாளர் இணைவது இதனால் எளிதாயிற்று.

எனினும், பங்கு குறையுந்தோறும் வருவாயிலும் முடிவெடுப்பதிலும் அவருக்குரிய இடம் சுருங்கக்கூடும். இதற்கு இரு காப்புகளை உடன்படிக்கையிலேயே காணமுடிகிறது. ஒன்று, பணத்தோடு கலை, தொழில்நுட்பப் பங்களிப்பும் முதலீட்டிற்கு ஏற்ற அளவில் அமைதல் வேண்டும் என்னும் பொதுவிதி. மற்றொன்று, படத்தின் மீதான கூட்டுரிமையை ஒப்பந்தம் ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்ய வேண்டும் என்னும் விதி. எனவே, சிறுபங்காளருக்கு வழிகாட்டும் அமைப்புகள் பங்காளரைத் தேடித் தருவதோடு நில்லாமல், எந்தெந்தக் கலைஞர்கள், எந்தெந்தப் பணிகள் அவர் நாட்டிற்குரியவை என்பதைப் படப்பிடிப்பிற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதுவிக்கவும் துணைநிற்றல் இன்றியமையாதது.