சிடி வேல்யூ 17-னா ஆபத்தா... 32-னா தப்பிச்சாச்சா? கொரோனா ரிப்போர்ட்டில் உள்ள நம்பர் சொல்வது என்ன?

"அம்மாவுக்கு பாசிட்டிவ்னு வந்திருக்கு. சிடி வேல்யூ 17-னு போட்டிருக்காங்க. நுரையீரல் வரைக்கும் போயிருச்சா டாக்டர்?"

கொரோனா இரண்டாவது அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் பல வீடுகளில் எழுந்த கேள்வி இது. இன்னொரு பக்கம், "எனக்கு 32 தான், பயப்பட ஒண்ணுமில்லை" என்று மூச்சுத்திணறலைக் கூட கண்டுகொள்ளாமல் வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. இரண்டுமே தவறான புரிதல். அந்த நம்பர் நோயின் தீவிரத்தை அளப்பதற்கானது இல்லை.

சிடி வேல்யூ என்றால் என்ன?

மூக்கு, தொண்டையில் இருந்து எடுக்கும் மாதிரியில் வைரஸின் மரபணு மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். அதை அப்படியே கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆர்டி-பிசிஆர் கருவி அதை நகல் எடுத்துப் பெருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எத்தனையாவது சுற்றில் வைரஸ் கருவியின் கண்ணில் படுகிறதோ, அந்த எண்தான் சிடி வேல்யூ. 'சைக்கிள் த்ரெஷோல்ட்' என்பதன் சுருக்கம்.

மாதிரியில் வைரஸ் அதிகம் இருந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும், நம்பர் குறையும். வைரஸ் குறைவாக இருந்தால் அதிக சுற்றுகள் தேவை, நம்பர் கூடும். கணக்குப்படி 20-க்கும் 30-க்கும் இடையே சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

அப்படின்னா நம்பர் குறைஞ்சா நோய் தீவிரம்தானே?

இல்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

1. மாதிரி எடுத்த விதம்: குச்சியை மூக்கின் உள்ளே சரியாக விடாமல் எடுத்தால், வைரஸ் நிறைய உள்ளவருக்கும் நம்பர் கூடுதலாக வரும். மாதிரியைக் குளிர்நிலையில் வைக்காமல் லேபுக்கு அனுப்பினாலும் இதே கதைதான்.

2. டெஸ்ட் கிட்: கிட்டுக்கு கிட், லேபுக்கு லேப் நம்பர் மாறும். ஒரே மாதிரியை இரண்டு இடத்தில் கொடுத்தால் இரண்டு நம்பர் வரலாம்.

3. எந்த நாளில் எடுத்தது: இதுதான் முக்கியம். மூக்கு, தொண்டையில் வைரஸ் உச்சத்தில் இருப்பது அறிகுறி தொடங்கும் நாட்களில். ஆனால் கொரோனாவில் உடல்நிலை மோசமாவது பெரும்பாலும் முதல் வாரத்தின் முடிவில் அல்லது இரண்டாவது வாரத்தில். அப்போது வைரஸ் குறைந்திருக்கும். உடலின் எதிர்ப்பு சக்தியே அளவு மீறி நுரையீரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். அதனால் ஐசியூவில் இருப்பவருக்கு 33 வரலாம். லேசான தொண்டை வலியோடு நடமாடுபவருக்கு 16 வரலாம்.

சிடி வேல்யூவை வைத்து சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் 2020 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தியது. 2021-ல் பாசிட்டிவ் என்பதற்கான எல்லையை 24 ஆகக் குறைக்கலாமா என்று மகாராஷ்டிரா கேட்டபோதும், தொற்று பரப்பக்கூடிய பலர் விடுபட்டுப் போவார்கள் என்று சொல்லி, 35 என்ற அளவே தொடரும் என்றது.

சிடி வேல்யூவும் சிடி ஸ்கேனும் ஒண்ணா?

பெயர்தான் ஒன்று, விஷயம் வேறு. சிடி ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கதிர்கள் மூலம் நெஞ்சைப் படம் எடுப்பது. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 என, 25-க்கு மதிப்பெண் போடுவார்கள். இது நுரையீரலில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும். ஆனால் அறிகுறி தொடங்கிய ஓரிரு நாளில் ஓடிப்போய் எடுத்தால், பின்னால் வரப்போகும் பாதிப்பு அதில் தெரியாமல் போகலாம். லேசான பாதிப்பு உள்ளவர்களுக்கு சிடி ஸ்கேன் தேவையில்லை என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா 2021 மே மாதம் எச்சரித்தார்.

அப்போ எதைப் பார்க்கணும்?

மூச்சையும் ஆக்சிஜனையும். இந்தியாவில் 2021-ல் வெளியான சிகிச்சை வழிகாட்டுதல் நோயாளிகளை இப்படித்தான் பிரித்தது:

* லேசானது: காய்ச்சல், இருமல் இருக்கும், மூச்சுத்திணறல் இருக்காது.
* மிதமானது: ஆக்சிஜன் அளவு 90 முதல் 93, அல்லது நிமிடத்துக்கு 24 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது.
* தீவிரமானது: ஆக்சிஜன் 90-க்குக் கீழே, அல்லது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு.

மருந்தும் இதை வைத்துத்தான். பிரிட்டனில் 2020-ல் நடந்த ரெகவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரிழப்பைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. ரிப்போர்ட்டில் நம்பர் குறைவு என்று பயந்து, கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

வயது, சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சனை, உடல் பருமன், தடுப்பூசி போட்டாரா இல்லையா என்பதையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியது

பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டும் விரலில் நெயில் பாலிஷ், மருதாணி இருந்தால் அளவு தவறாகக் காட்டலாம். கை சில்லென்று இருந்தாலும் அப்படித்தான். விரலைத் தேய்த்து சூடாக்கி, உட்கார்ந்து அமைதியாகப் பாருங்கள். மூச்சை எண்ணுவது இன்னும் சுலபம்: ஒரு நிமிடத்தில் நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் போதும்.

ரேபிட் டெஸ்டில் நெகட்டிவ் வந்தும் அறிகுறி இருந்தால், ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும். அதிலும் நெகட்டிவ், ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால், ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது.

ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் உடனே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாவது, பேச முடியாத அளவு மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் சிடி வேல்யூ என்ன என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.