டெலிவிஷனுக்குத் தலைவீக்கம்!

சாயங்காலம் ஏழரை மணி. குழம்பை இறக்கியாகிவிட்டது. நேற்றுக் கதாநாயகியைக் கொட்டும் மழையில் நிறுத்திவிட்டுப் போன தொடர், இன்று அவளை எங்கே கொண்டுபோய் விடப் போகிறதோ என்று வீடே கூடி உட்கார்ந்திருக்கிறது. ரிமோட்டை அமுக்குகிறீர்கள். டெலிவிஷனின் சிவப்பு விளக்கு இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுகிறது; உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! கதாநாயகி நனைந்தது நனைந்தபடியே நிற்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் மெக்கானிக் வருகிறார். பின்மூடியைக் கழற்றுகிறார். டார்ச் அடித்துப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"போர்டு போச்சும்மா!"

இந்த இரண்டு வார்த்தைகளுக்கு விலை சில ஆயிரம் ரூபாய். "அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாமே!" என்பார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டி வந்து இறங்கும். பழையது காயலான் கடைக்குப் புறப்படும்.

போர்டு என்பது என்ன? ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். கையகலப் பலகை ஒன்றில் நூறு, நூற்றைம்பது உருப்படிகளை ஈயப் பற்று வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ஜலதோஷம் வந்தால் அத்தனை பேரையும் ஊரை விட்டு அனுப்பிவிடுவதா? இது கொஞ்சமும் நியாயமில்லை. அதிலும், அடிக்கடி ஜலதோஷம் பிடிப்பவர் யார் என்பது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த விஷயம்.

அவர் பெயர் கெபாசிட்டர். பழைய ரேடியோக்காரர்கள் 'கண்டென்ஸர்' என்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவில், சிறு தகரக் குப்பி மாதிரி இருப்பார். விலை பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் அடங்கும்.

அவருடைய உத்தியோகம், நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் உத்தியோகம்தான். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் வினாடிக்கு 50 தடவை அலைபோல ஏறி இறங்குவது. டெலிவிஷனுக்குள் இருக்கும் சில்லுகளுக்கோ 5 வோல்ட், 12 வோல்ட் என்று ஆடாமல் அசையாமல் கொடுத்தாக வேண்டும். விட்டு விட்டு வருவதைத் தொட்டியில் பிடித்து வைத்து, ஒரே சீராகக் கீழே அனுப்புகிறவர் இந்தக் கெபாசிட்டர்.

குப்பிக்குள் இருப்பது அலுமினியத் தகடு, காகிதம், மறுபடி தகடு. பாய்போலச் சுருட்டி ஒரு திரவத்தில் ஊற வைத்திருக்கிறார்கள். சூட்டில் அந்தத் திரவம் நாளாவட்டத்தில் வற்றுகிறது, கெடுகிறது. உள்ளே வாயு சேருகிறது. தட்டையாக இருக்க வேண்டிய மண்டை பூரிபோல உப்பிக்கொள்கிறது. உப்பி வெடித்துவிடக் கூடாதே என்று மண்டையில் பெருக்கல் குறிபோல ஒரு கீறல் போட்டு வைத்திருப்பார்கள். குக்கருக்கு ஸேஃப்டி வால்வு இருக்கிறதல்லவா, அதே யுக்திதான்!

ஆனால் தலை உப்பாமலே கெட்டுப்போகிறவர்களும் உண்டு. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. குழாயில் பாசி அடைத்திருக்கிறது. கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வரும், இல்லையா? அதுபோலக் கெபாசிட்டருக்குள் தடை ஏறிவிடும். சாதாரண மீட்டரில் கொள்ளளவை அளந்தால் 'ஸரியாகத்தானே இருக்கிறது' என்று காட்டும். அடைப்பை அளக்க ஈ.எஸ்.ஆர். மீட்டர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது பையில் இருக்கிற மெக்கானிக்கைக் கண்டால் விடாதீர்கள்.

இந்த நோய் திடீரென்று வருவதில்லை. முதலில் காலை வேளையில் பெட்டி உயிர் பெற அரை நிமிஷம் ஆகும். அடுத்த மாதம் இரண்டு நிமிஷம். ஒருமுறை சூடேறிவிட்டால் அப்புறம் நன்றாகவே ஓடும். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று நாம் இருந்துவிடுகிறோம். அப்போதே காட்டியிருந்தால், பாக்கி உருப்படிகள் மேல் பாரம் ஏறுமுன் வேலை முடிந்திருக்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். கெபாசிட்டரின் உடம்பில் '105 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் உழைப்பதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சூடு பத்து டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 75 டிகிரியில் 16,000 மணி; தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் எட்டே முக்கால் வருஷம். 65 டிகிரியிலோ 32,000 மணி. பதினேழு வருஷத்துக்கு மேல்! இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் யார் கையில் இருக்கிறது? பெட்டியை ஷோகேஸ் பொந்துக்குள் திணித்து, காற்றுத் துளைகள் மேல் எம்பிராய்டரித் துணியையும் போர்த்துகிறோமே, நம் கையில்தான்.

தயாரித்தவர்களே கோட்டை விட்டதும் உண்டு. 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில வருஷங்களில் உலகெங்கும் கம்ப்யூட்டர்களில் கெபாசிட்டர்கள் மளமளவென்று தலை வீங்கின. காரணம் மட்டமான திரவம். யாரோ ஒருவர் ஜப்பானியக் கம்பெனியின் திரவச் சூத்திரத்தை அரைகுறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மாமியாரின் ரசப்பொடி ரகசியத்தைத் திருடிய மருமகள், பெருங்காயத்தை மறந்த கதைதான்!

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வளவையும் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடாதீர்கள். பின்மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. 230 வோல்ட் கரண்ட் உள்ளே போய்ச் சுமார் 325 வோல்ட்டாக ஒரு பெரிய கெபாசிட்டரில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கக்கூடும், உயிரை வாங்கக்கூடியது. தேர்ந்தவர்கள் முதலில் அதைக் காலி செய்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது கேள்வி கேட்பது. "போர்டில் எது போயிருக்கிறது? அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியாதா?" எல்லா மெக்கானிக்குகளும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி ஆளுக்குப் போர்டை மாற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். உட்கார்ந்து ஆராய நேரம் இல்லை. தெருமுனைக் கடைக்காரருக்கு அது இருக்கும். கண்ணாடித் திரையே விரிசல் விட்டிருந்தால் எந்த நிபுணரும் உதவ முடியாது. செலவைக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் சத்தம் வந்து படம் மட்டும் வரவில்லையா? அறையை இருட்டாக்கி, திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பின்னால் இருக்கிற எல்.ஈ.டி. விளக்குகள் பக்கம்தான் கோளாறு. அவை கோயில் திருவிழாச் சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோத்தவை. ஒன்று அவிந்தால் வரிசையே அவியலாம். அதையும் பழுது பார்க்கலாம்.

இந்திய அரசாங்கமே 2022-இல் 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு கமிட்டி போட்டு, அதே டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சென்னை மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்தக் குப்பிகளை எண்ணி வாங்கலாம். மைக்ரோபாரட் அதே எண்; வோல்ட் அதே அளவு, அல்லது ஒரு படி மேலே; 105 டிகிரி ரகம். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ் கால். அதை மாற்றி வைத்தால், கரண்ட் போட்டதும் குப்பி வெடித்துவிடும்.

கைதேர்ந்த மெக்கானிக் புதுக் குப்பியை வைத்ததும் பெட்டியை நேரே பிளக்கில் செருகமாட்டார். நடுவில் ஒரு பழைய குண்டு பல்பைக் கோப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். கரண்டையெல்லாம் பல்பே வாங்கிக்கொண்டு பெட்டியைக் காப்பாற்றிவிடும். ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் அவர் முகத்தில் சிரிப்பு வரும். இழை எரியும் அந்தக் குண்டு பல்பு இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆகையால் வேலை முடிந்ததும் அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் காப்பியைக் கையில் வாங்குவார்.